கல்லாவில் அமர்வோர்க்குத் தொடை வலிமை



காலையில் கடை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை நம்மில் பலர் கல்லாப்பெட்டி முன் உட்கார்ந்தே இருக்கிறோம். எழ வேண்டுமானால் மேசையில் இரு கைகளையும் ஊன்றித்தான் எழுகிறோம். கேட்டால், "வயதாகிவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது" என்கிறோம். நாமும் அப்படித்தான் சொல்லி வந்தோம். ஒரு திருமணப் பந்தியில் பாயில் அமர்ந்து உண்டுவிட்டு, எழ முடியாமல் பக்கத்து இலைக்காரரின் கையைப் பிடித்தோம். அதன் பிறகே மருத்துவரிடம் போனோம். அவர் முழங்காலைப் பார்த்தார். தொடையையும் அமுக்கிப் பார்த்தார். "தேய்மானம் கொஞ்சம்தான், தொடையில் வலு இல்லை" என்றார். அதன்பின் கற்றதை இங்கே தருகிறோம்.

தொடையில் இருப்பவை

தொடையின் முன்புறம் நான்கு தசைகள் உள்ளன. குவாட்ரிசெப்ஸ் என்பது இவற்றின் பெயர். நான்கும் ஒரே நாணாகச் சேர்ந்து முழங்கால் சில்லைப் பற்றி, அதற்குக் கீழே கால் எலும்பில் இணைகின்றன. காலை நீட்டுவதும், நாற்காலியிலிருந்து எழுப்புவதும், படி இறங்கும்போது உடல் எடையைத் தாங்கி மெல்ல இறக்குவதும் இவற்றின் வேலை. பின்புறம் உள்ள ஹாம்ஸ்ட்ரிங் தசைகள் மூன்றும் முழங்காலை மடக்கும். உட்புறத் தசைகள் இரு தொடைகளையும் நெருக்கிச் சேர்க்கும்.

முன்தசை மெலிந்தால் அது தாங்க வேண்டிய பாரம் மூட்டின் மேல் விழுகிறது. வலிக்கிறது என்று நடையைக் குறைத்தால் தசை மேலும் மெலிகிறது, வலியும் கூடுகிறது. இன்னொன்றும் உண்டு. உண்ட உணவின் சர்க்கரையில் பெரும்பங்கை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்பவை தசைகளே. உடலின் பெரிய தசைகளில் தொடைத் தசைகளும் அடங்கும். ஆகவே சர்க்கரை நோய் உள்ள வணிகர்களுக்கு இது இரட்டை அக்கறை.

இருப்புச் சோதனை

கை இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து நிற்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களுக்கு 14-க்கும், பெண்களுக்கு 12-க்கும் குறைந்தால் அது சராசரிக்குக் கீழ்.

நான்கு பயிற்சிகள்

1. காலை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள். 5 விநாடி நிறுத்தி விடுங்கள். காலுக்கு 10 முறை.

2. நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்துங்கள். காலுக்கு 10 முறை. இரண்டு வாரம் எளிதாக வந்தபின், 1 கிலோ உப்புப் பொட்டலத்தைத் துணிப்பையில் இட்டுக் கணுக்காலில் கட்டிக்கொண்டு செய்யலாம்.

3. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக அமருங்கள். 8 முதல் 10 முறை. முடியாதவர் முதலில் உயரமான இருக்கையில் தொடங்கலாம்.

4. பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மட்டும் உயர்த்தி இறக்குங்கள். 10 முறை. இது பின்தொடைக்கு.

முதல் இரண்டையும் நாள்தோறும் செய்யலாம். மற்ற இரண்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். எதிலும் மூச்சை அடக்கக் கூடாது. இரத்த அழுத்தம் ஏறும்.

25 கிலோ சிப்பம் தூக்கும்போது முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, சிப்பத்தை உடலோடு அணைத்துத் தொடையின் பலத்தால் எழுங்கள். நாம் விற்கும் பயறு, உளுந்து, கொண்டைக்கடலை நம் தட்டிலும் இருக்கட்டும். தசைக்குப் புரதம் தேவை.

முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ, நடுவில் பூட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் ஒருபுறம் மட்டும் வீங்கி வலித்தாலோ பயிற்சி வேண்டாம்; உடனே மருத்துவரைக் காணுங்கள். இதய நோயாளிகளும் அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

மூன்று மாதம் விடாமல் செய்தோம். இன்று மேல்தட்டுச் சரக்கை நாமே ஏணியில் ஏறி எடுக்கிறோம். கடைக்கு முதல் குறைந்தால் கடன் வாங்கலாம். கால் வலுவைக் கடன் தருவார் எவருமில்லை. நாளைக் காலை கடை திறந்ததும் முதல் வாடிக்கையாளர் வருமுன் 10 முறை எழுந்து அமருங்கள்.