டெலஸ்கோப்புக்கு மர ஸ்டாண்டு: அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ

தங்கச்சி, 6 இன்ச் கண்ணாடியை பிவிசி குழாய்ல பொருத்தி டெலஸ்கோப்பையே முடிச்சுட்டே. அதை கேமரா ட்ரைபாடுல மட்டும் ஏத்திடாதே, லேசான காத்துக்கே நிலா நடுங்கும். பிளைவுட்ல டாப்சோனியன் ஸ்டாண்டு பண்ணிடு. சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்துல 23 வருஷம் துறவியா இருந்த ஜான் டாப்சன், அட்டைக் குழாயும் பிளைவுட்டும் வெச்சு டெலஸ்கோப் பண்ணி, நடைபாதையில போறவங்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டினாரே, அவர் வழிதான் இது.

மரம் வெட்டுறதுக்கு முன்னாடி பேலன்ஸ் பாரு. கண்ணாடி, ஃபைண்டர், இருக்கிறதுலேயே கனமான ஐபீஸ் எல்லாத்தையும் மாட்டிட்டு, குழாயைப் பூரிக்கட்டை மேல குறுக்கே வெச்சு உருட்டு. ரெண்டு பக்கமும் சாயாம நிக்கிற இடத்துல பென்சிலால கோடு போடு. குழாயோட ரெண்டு பக்கமும் மாட்டப் போற மர வட்டங்களோட மையம் அங்கேதான் வரணும். அந்தக் கோட்டுலேர்ந்து கண்ணாடி முனை வரைக்கும் அளந்து, மேல 3 சென்டிமீட்டர் சேர்த்துக்கோ. வட்டத்தோட மையம், அது உக்காரப் போற பெட்டியோட அடிப்பலகையிலேர்ந்து அவ்வளவு உயரத்துல இருக்கணும். இல்லேன்னா உச்சியைப் பாக்கத் திருப்பும்போது குழாய் அடியில இடிக்கும்.

பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் பிளை போதும். ரெண்டு பக்கம், அடி, முன்பக்கம். பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். முன்பலகை தேவையில்லைன்னு ஆசாரி சொன்னாலும் விட்டுடாதே, பெட்டி பக்கவாட்டுல ஆடாம பிடிக்கிறது அதுதான். உயரத்தை மட்டும் குறைச்சுக்கோ, குழாய் தாழ்ந்து வர இடம் வேணும்.

இனிமேதான் முக்கியமான விஷயம். பால் பேரிங் போட்டா வழுக்கிட்டுப் போகும்னு தோணும். நமக்கு வேண்டியது அது இல்ல. விரலால தள்ளினா நகரணும், கையை எடுத்தா அங்கேயே நிக்கணும். 120 மடங்கு பெரிசாக்கிப் பாக்கும்போது, வியாழன் ஒன்றரை நிமிஷம் சொச்சத்துல பார்வையை விட்டுப் போயிடும். திரும்பத் திரும்ப இம்மியளவு தள்ளிட்டே இருக்கணும். அதுக்கு டெஃப்லான் மேல சன்மைக்காதான் சரி. அசையத் தொடங்குறதுக்கும் தொடர்ந்து அசையறதுக்கும் டெஃப்லான்ல ஏறக்குறைய ஒரே விசைதான் வேணும், அதனால துள்ளாது.

சன்மைக்கா சொரசொரப்பா, புள்ளி புள்ளியா இருக்கிறதா வாங்கு. என் முதல் ஸ்டாண்டுக்குக் கண்ணாடி மாதிரி பளபளப்பானதை ஒட்டினேன். தள்ளினா ஒட்டிக்கிட்டு நின்னு, திடீர்னு குதிச்சு வியாழனைத் தாண்டிப் போயிடும். ராத்திரியெல்லாம் தேடினேன். மறுவாரமே பெயர்த்தெடுத்து மாத்தினேன்.

டெஃப்லான்ல ஃபெவிகால் ஒட்டாது. ஒரு இன்ச் சதுரமா வெட்டி, சின்ன ஸ்க்ரூ போடு. ஸ்க்ரூ தலை உள்ளே புதையணும், வெளியே துருத்தினா சன்மைக்காவைக் கீறிடும். வட்டம் உக்கார, கடிகாரத்துல 5 மணியும் 7 மணியும் இருக்கிற இடத்துல பக்கத்துக்கு ரெண்டு துண்டு. பெட்டி சுழல, அதுக்கு அடியில வர்ற தரைப்பலகை மேல மூணு. அந்த மூணும் தரைப்பலகையோட மூணு காலுக்கு நேர் மேலேயே வரணும், அப்பதான் பலகை வளையாது. அடுப்புக்கு மூணு கல் மாதிரி, மூணு கால்னா மேடு பள்ளமான மொட்டை மாடியிலும் ஆடாது.

பிளைவுட் ஓரங்கள்தான் முதல்ல தண்ணி குடிக்கும், அங்கே பெயிண்ட் ரெண்டு தடவை கூடவே அடி. பகல்ல சோதிக்கும்போது சூரியன் பக்கம் திருப்பவே திருப்பாதே, கண்ணு போயிடும். தூரத்து செல்போன் டவரைப் பார்வையில வெச்சுக்கிட்டு குழாயை ஒரு தட்டு தட்டு. ரெண்டு நொடிக்குள்ள ஆட்டம் அடங்கலைன்னா, முன்பலகை ஸ்க்ரூவை இறுக்கிட்டு மறுபடி தட்டிப் பாரு.