பின்சீட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர்

கேள்வி: மழையில் காருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பின்சீட்டுப் பக்கம் வாடை போகவே இல்லை. சீட்டை நானே கழற்றி மாட்டலாமா?
- வாசகர், வாஷி

பதில்: தாராளமாக. கழற்றாமல் அந்த வாடை போகவும் போகாது. தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். கழிமுகத்தை ஒட்டிய வாஷியின் ஈரக்காற்றில் அது தானாகக் காயாது, தரைத்தகடு துருப்பிடிக்கும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். பல சின்னக் கார்களில் உட்காரும் மெத்தையின் முன்விளிம்பை இரண்டு கிளிப்புகள் பிடித்திருக்கும். கிளிப்புக்கு அருகிலேயே கைவைத்து, ஒவ்வொரு பக்கமாக நேர்மேலே இழுங்கள். சில மாடல்களில் பின்பக்கம் போல்ட்டும் இருக்கும். மஞ்சள் நிற ஒயர் இணைப்பு தெரிந்தால் தொடாதீர்கள், அது ஏர்பேக்குடையது. பெட்ரோல் பம்ப் மூடியும் அங்கேயே இருக்கலாம். அதனால் ஹீட்டர் வேண்டாம், விரிப்பைத் தூக்கி வைத்து, கதவுகளைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போதுதான் கவனம் தேவை. சீட் பெல்ட் பூட்டுகளை மெத்தையின் துளைகள் வழியே மேலே எடுத்துவிட்டு, பிறகே அழுத்துங்கள். அவசரத்தில் அவை அடியில் புதைந்துபோனால், பின்சீட்டில் யாரும் பெல்ட் போட முடியாது. 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தில் நடந்த கார் விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் போடாமல்தான் இருந்தார். ஒவ்வொரு பெல்ட்டையும் பூட்டி, பலமாக இழுத்துப் பார்த்த பிறகே குடும்பத்தை ஏற்றுங்கள்.