கொடை உறுப்பும் குருதிக் குழாயும்

ஏரி நிரம்பியிருப்பினும் வாய்க்கால் தூர்ந்து போயின் கடைமடைப் பயிர் கருகுதல் திண்ணம். இதனை உழவர் யாவரும் அறிவர். நம் உடம்பும் அத்தகைய பாசன அமைப்பு உடையதே. இருதயம் நீரை உந்த, தமனிகள் வாய்க்கால்களாக நின்று உறுப்புக்களாகிய வயல்களை ஊட்டுகின்றன. பழுதுற்ற உறுப்புக்கு ஈடாகப் பிறரது உறுப்பைப் பொருத்தும் அருஞ்செயல் இக்காலத்துப் பல்கியுள்ளது. அதனை வியப்போர் உறுப்பையே பேசுவர். அதற்குக் குருதி கொணரும் குழாயை மறப்பர். அக்குழாயின் வரலாற்றையும், அதற்கு நேரும் இடர்களையும் ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

1894-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள், பிரான்சு தேசத்து லியோன் நகரில், அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ என்பார் கொலைஞன் ஒருவனாற் குத்துண்டார். வயிற்றினுள் பெருங்குழாய் ஒன்று அறுபட்டது. அதனைத் தைத்துச் சீராக்கும் முறை அந்நாளில் இல்லாமையால், அவர் நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் உயிர் துறந்தார். அந்நகரில் மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் கரேல் என்னும் மாணவர்க்கு அப்போது வயது 21 நிரம்பவில்லை. குழாயையும் தைத்தல் கூடும் என்று துணிந்த அவர், பூவேலை செய்யும் பெண்மணி ஒருவரிடம் நுண்ணிய ஊசித்தொழிலைக் கற்றார். வட்டமான குழாய் முனைகளை மூன்றிடத்து நூலிட்டு இழுப்பின், வட்டம் முக்கோணமாகி நேர்க்கோடுகளாய்த் தைக்க எளிதாகும் என்பதே அவர் கண்ட உத்தி. அம்முறையை 1902-இல் வெளியிட்ட அவர், 1912-இல் நோபெல் பரிசு பெற்றார். கல்வியிற் பெரியோர் கைவினைஞர்பாற் கற்க நாணுதல் கூடாது என்பதற்கு இஃது ஒரு சான்றன்றோ?

தையல் கைவந்தும் உறுப்பு நிலைக்கவில்லை. ஒருயிரின் உறுப்பை அவ்வுயிர்க்கே மீள வைப்பின் அது வாழ்ந்தது. பிறிதோருயிர்க்கு வைப்பின் அழிந்தது. அயலானை உடம்பு பகையெனக் கொள்வதே காரணம். 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே என்பார், ஒத்த உருவினரான இரட்டையருள் ஒருவரது சிறுநீரகத்தை மற்றவர்க்குப் பொருத்தி வெற்றி கண்டார். பின்னர், அப்பகையை அடக்கும் மருந்துகள் தோன்ற, உறுப்புக் கொடை எங்கும் பரவிற்று. நம் நாட்டில் 1971-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று வெற்றியுற நிகழ்ந்தமை நாம் மகிழத்தக்கது.

இனி, இடர்களை நோக்குவோம். அவை மூவகைப்படும்.

முதலாவது, குழாயிற் குருதி உறைதல். சிகிச்சை முடிந்த அணிமைக் காலத்தில் இதன் அச்சம் மிகுதி. கல்லீரலை மாற்றினோர்க்கு இது கொடிது. பித்த நாளங்கள் கல்லீரல் தமனியாலேயே உயிர் வாழ்வன. அத்தமனி அடைபடின் அவை அழுகும். பலர்க்கு மறுமுறையும் கல்லீரல் மாற்ற நேரிடும்.

இரண்டாவது, தையலிடத்தும் அதன் அயலிலும் குழாய் குறுகுதல். சிறுநீரகம் பெற்றோர்க்கு இது மாதங்கள் சில கழிந்த பின்னர்த் தோன்றுவதுண்டு. தனக்கு வரும் குருதி குறைந்தமை உணர்ந்த சிறுநீரகம், உடம்பு முழுதும் அழுத்தம் குறைந்ததெனத் தவறாக எண்ணி, அதனை உயர்த்தும் பொருளைச் சுரக்கும். ஆதலின், அடங்காத இரத்த அழுத்தம் குறுகிய குழாய்க்கு அறிகுறியாகலாம். சிறு பலூனைக் குழாயினுட் செலுத்தி விரித்தும், உலோக வலைக்குழாய் வைத்தும் இதனைத் தீர்ப்பர்.

மூன்றாவது, ஓசையின்றி வரும் கேடு. உடம்பின் பகைமை மருந்தால் அடங்கினும் அறவே ஒழிவதில்லை. அது குழாயின் உட்சுவரைச் சிறிது சிறிதாகப் புண்படுத்த, சுவர் தடித்து வழி அடைபடுகின்றது. தென்னாப்பிரிக்காவில் 1968-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள் மாற்று இருதயம் பெற்ற பிலிப் பிளைபெர்க் என்பார் ஓராண்டு ஏழு திங்கள் வாழ்ந்தார். அவர் பெற்றது 24 வயது இளைஞரின் இருதயம். ஆயினும், இறந்தபின் ஆராய்ந்தபோது அதன் குழாய்கள் முதியோர் குழாய்கள் போல் அடைபட்டிருந்தன. மேலும், மாற்று இருதயத்தின் நரம்புகள் அறுபட்டமையால், குருதி குறையினும் பெரும்பாலும் நெஞ்சு நோவதில்லை. வலியே காவலன் என்பதை இங்கு உணர்கின்றோம். அக்காவலன் இல்லாதவிடத்து, குறித்த காலந்தோறும் செய்யும் பரிசோதனையே காவலாம்.

இவற்றோடு பழம் பிணியும் சேர்கின்றது. நீரிழிவு கண்ணிலும் சிறுநீரகத்திலும் உள்ள மயிரிழைக் குழாய்களைச் சிதைக்கும். பெருந் தமனிகளையும் சுண்ணாம்பேறச் செய்யும். அந்நோயாற் சிறுநீரகம் இழந்தவர்க்குப் புதியதைப் பொருத்தும்போது, அதனை இணைப்பது அந்தப் பழந் தமனியோடுதானே! பகைமை அடக்கும் மருந்துகளுட் சிலவும் சர்க்கரையையும் அழுத்தத்தையும் கொழுப்பையும் உயர்த்துவன. அஞ்சி மருந்தை நிறுத்துவோர் உறுப்பையே இழப்பர். எனவே, மருந்தையும் விடாது, உப்பைக் குறைத்து, புகையிலையை அறவே நீக்கி, அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து வாழ்தல் வேண்டும்.

வைத்தியர் தையல் சில நிமிடங்களில் முடியும். நோயாளி அதனைக் காக்கும் பணி வாழ்நாள் முழுதும் முடிவதில்லை. ஒருவர் உயிரோடிருந்தோ உயிர் நீத்தோ ஈந்த உறுப்பு, திருமறை கூறும் தாலந்தினை ஒப்பது. அதனைப் பெற்றவர் உடைமையாளர் அல்லர். உண்மையுள்ள உக்கிராணக்காரர் ஆவர். பிறர் கொடையை எதிர்பாரா நிலையில் இன்றிருக்கும் மாணவராகிய நாமும், பிறந்த அன்றே நமக்கு அருளப்பெற்ற குழாய்கட்கு உக்கிராணக்காரரே. தூர்ந்த பின் வாய்க்காலை வெட்டுதலினும், தூராமற் காத்தலே அறிவுடைமை ஆகும்.