பட்டியலில் அவன் எங்கே?



வார இறுதியில் நாங்கள் நடத்தும் இலவச டியூஷன் வகுப்பில் மார்க் கணக்கு என் பொறுப்பு. சோதனையில் 50-க்குக் கீழே எடுத்தவர்களுக்குத் தனி வகுப்பு வைக்கலாம் என்று முடிவு செய்தோம். பைத்தானில் பாண்டாஸ் இருக்கே, பத்து வரியில் முடிச்சிடலாம் என்று உட்கார்ந்தேன். பட்டியலும் தயார். மறுவாரம் ஓர் அம்மா கேட்டார்: “தம்பி, என் மகன் காய்ச்சல்ல படுத்திருந்தான். சோதனையே எழுதலை. அவனுக்கு எப்படி 84 மார்க் வந்துச்சு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு தேடிப் பார்த்துக் கற்றதுதான் இந்தப் பாடம்.

பாண்டாஸ் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு லேபல் உண்டு. லேபல்கள் சேர்ந்ததுதான் இண்டெக்ஸ். எங்கள் லேபல், மாணவர் எண். வரிசையாக 105, 112, 108, 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபல் வேறு, இடம் வேறு. இடத்தை 0-இலிருந்து எண்ண வேண்டும்.

ஒரு லேபலின் இடம் வேண்டுமா? ‘கெட்_லோக்’ பயன்படுத்துங்கள். 108-ஐக் கொடுத்தால் 2 என்று சொல்லும். இல்லாத 131-ஐக் கொடுத்தால் ‘கீ எரர்’ என்று அங்கேயே நின்றுவிடும். ஒரே லேபல் இருமுறை இருந்தால் ஒற்றை எண் வராது. வரிசைப்படுத்திய இண்டெக்ஸ் என்றால் ‘ஸ்லைஸ்’ வரும். இல்லையென்றால் ‘ட்ரூ, ஃபால்ஸ்’ பட்டியல் வரும்.

பல லேபல்களை ஒன்றாகத் தேட ‘கெட்_இண்டெக்ஸர்’. 112, 131 இரண்டையும் கொடுத்தால் 1, -1 என்று வரும். -1 என்றால் ‘கிடைக்கவில்லை’ என்று பொருள். நான் சறுக்கியது இங்கேதான். அந்த எண்களை அப்படியே ‘ஐலோக்’கில் போட்டேன். ஐலோக்குக்கு -1 என்றால் கடைசி வரி! எரர் எதுவும் வரவில்லை. கடைசியில் இருந்த 120-இன் 84 மார்க், சோதனைக்கே வராத 131-க்குப் போய்விட்டது. உதவி தேவைப்பட்ட பையன் பெயர் தனி வகுப்புப் பட்டியலில் இல்லாமல் போனது.

இப்போது நான் செய்வது மூன்று:

1. முதலில் ‘இஸ்_யூனிக்’ போட்டு, லேபல் இரட்டிப்பு இல்லை என்று உறுதி செய்கிறேன். இரட்டிப்பு இருந்தால் கெட்_இண்டெக்ஸர் வேலை செய்யாது.

2. விடையில் -1 இருக்கிறதா என்று பார்த்து, அந்த லேபல்களைத் தனியே எழுதுகிறேன்.

3. மார்க் மட்டும் போதும் என்றால் இடத்தையே தேடுவதில்லை. ‘ரீஇண்டெக்ஸ்’ போடுகிறேன். இல்லாதவருக்கு ‘நான்’ என்று வெற்றிடம் காட்டும், அடுத்தவர் மார்க்கைக் கொடுக்காது.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பையன் இப்போது தனி வகுப்புக்கு வருகிறான். எரர் வந்தால் எரிச்சல்படாதீர்கள், தம்பி. எரர் வராத தவறுதான் ஆபத்து. இன்றைக்கே நான்கு லேபல் வைத்து, இல்லாத ஒன்றைத் தேடிப் பாருங்கள். உங்கள் கண்ணாலேயே அந்த -1-ஐப் பார்த்தால் பிறகு மறக்காது.