குடும்ப வரலாறு: நீங்களே நடத்தலாம் ஓர் இலவச ஆன்லைன் வகுப்பு

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தம் தொடங்கியபோது, கும்மிடிப்பூண்டியில் உள்ள எங்கள் வீட்டுக்குத் தினமும் நாலைந்து பேர் வந்தார்கள். 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தங்கள் பெயரோ, அப்பா அம்மா பெயரோ எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் தேடித் தரச் சொன்னார்கள். பெரும்பாலும் சிப்காட் ஆலைகளில் வேலைக்காக வெளியூர்களில் இருந்து வந்து குடியேறியவர்கள். அப்பா எந்தத் தொகுதியில் ஓட்டுப் போட்டார் என்று பலருக்குத் தெரியவில்லை. சிலருக்குத் தாத்தாவின் பெயரே தெரியவில்லை.

அப்போதுதான் இவர்களுக்காக ஒரு சிறிய ஆன்லைன் வகுப்பு தொடங்கினேன். அதை எப்படி உருவாக்கினேன் என்பதை இங்கே பார்ப்போம். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் இதைச் செய்யலாம். பணச் செலவு இல்லை.

முதலில் செய்த தவறு

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். எதையும் தயாராக இருக்கும் மாதிரியைப் பார்த்துச் செய்வதே பழக்கம். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம் 2016-ல் ஃபியூச்சர்லேர்ன் தளத்தில் குடும்ப வரலாறு பற்றி ஆறு வார இலவச வகுப்பு தொடங்கியது. அதுபோன்ற வெளிநாட்டு வகுப்புகளின் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டேன். அங்கெல்லாம் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் முக்கியமான ஆதாரம். இங்கிலாந்தின் 1921-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-ல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் கணக்கெடுப்பு விவரங்களை யாரும் பார்க்க முடியாது. ஆகவே அந்தப் பாடம் நமக்கு உதவாது. நம் ஆதாரங்கள் வேறு. அவை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கின்றன.

ஐந்து பாடங்கள்

பாடம் 1: பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்தல். மொபைலில் உள்ள வாய்ஸ் ரெக்கார்டர் போதும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம். "உங்கள் அம்மாவுக்கு எந்த ஊர்?" என்பது போன்ற எளிய கேள்விகளாகக் கேளுங்கள். சொல்வதைத் திருத்தாதீர்கள்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் ஆயா திருத்தணிப் பக்கம். "நான் சித்தூர் ஜில்லாவில் பிறந்தவள்" என்பார். ஆயாவுக்கு மறதி என்று நினைத்து, கம்ப்யூட்டரில் "செங்கல்பட்டு மாவட்டம்" என்று நானே டைப் செய்துவிட்டேன். ஆயா இறந்த பிறகு பழைய பத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் சித்தூர் ஜில்லா என்றே இருந்தது. திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல்தான் ஆந்திராவில் இருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதே சமயத்தில் சத்தியவேடு பகுதிக் கிராமங்கள் இங்கிருந்து சித்தூருக்குப் போயின. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல். ஆயா சொன்னது சரி. மறுபடி கேட்டு எழுதிக்கொள்ள இப்போது ஆயா இல்லை.

பாடம் 2: வீட்டுக் காகிதங்கள். திருமணப் பத்திரிகையில் தாத்தா பாட்டி, தாய்மாமன் பெயர்கள் இருக்கும். கருமாதிப் பத்திரிகையில் இறந்த தேதி இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எல்லா வாரிசுகளும் வருவார்கள். மொய் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த ஊரில் எந்த உறவு என்பது வரி வரியாக அதில் இருக்கிறது. எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஃபைலுக்கு "1987 திருமணப் பத்திரிகை பெரியப்பா" என்பதுபோல ஆண்டை முதலில் வைத்துப் பெயர் கொடுங்கள். ஆண்டு வாரியாக வரிசையாக நிற்கும்.

பாடம் 3: கிராம்ப்ஸ் சாப்ட்வேர். இது இலவசம். தகவல்கள் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். இதில் 'சர்நேம்' கட்டத்தைப் பார்த்ததும் பலர் குழம்புகிறார்கள். நம்மில் பலருக்கு இனிஷியல்தான் உண்டு. அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை முழுதாகக் கொடுத்து, 'ஆரிஜின்' என்ற இடத்தில் 'பேட்ரோனிமிக்' என்று தேர்வு செய்யுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரே பெயரில் மூன்று பேர் வரலாம். ஆகவே பிறந்த ஆண்டு உத்தேசமாகவாவது அவசியம்.

பாடம் 4: இணையத்தில் தேடுதல். பழைய வாக்காளர் பட்டியலில் அப்பா அல்லது கணவர் பெயரும் வயதும் இருக்கும். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று பார்த்தால் நிலம் யாரிடம் இருந்து யாருக்குப் போனது என்று தெரியும்.

பாடம் 5: பாதுகாப்பு. ஆதார் எண், உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, போன் நம்பர் ஆகியவற்றை வகுப்பில் பகிரக் கூடாது. கிராம்ப்ஸில் 'ஃபேமிலி ட்ரீஸ்' மெனுவில் 'மேக் பேக்கப்' கொடுத்து, அந்த ஃபைலைப் பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள்.

வகுப்பை அமைப்பது எப்படி?

ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். பிரவுசரில் கூகுள் கிளாஸ்ரூம் தளத்தைத் திறந்து, மேலே உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து 'கிரியேட் கிளாஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். பெயர் கொடுங்கள். பிறகு 'கிளாஸ்வொர்க்' பகுதியில் 'கிரியேட்', 'டாபிக்' எனக் கிளிக் செய்து ஐந்து தலைப்புகளை அமையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கக் குறிப்பு, ஐந்து நிமிட வீடியோ, ஒரு வீட்டுப்பாடம். அவ்வளவு போதும். வகுப்புக்கான கோடு எண்ணை உறவினர்களுக்கு அனுப்பினால் அவர்கள் சேர்ந்துகொள்வார்கள். குறிப்புகளைத் தமிழில் யூனிகோடில் டைப் செய்யுங்கள். பழைய பாண்ட்களில் டைப் செய்தால் மற்றவர்கள் கம்ப்யூட்டரில் எழுத்து மாறித் தெரியும்.

ஒரு பாடத்தில் ஒரே வேலைதான் இருக்க வேண்டும். பாடம் முடியும்போது கம்ப்யூட்டரில் ஏதாவது ஒன்று சேவ் ஆகியிருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் சேர்ந்தவர்களில் கிராம்ப்ஸ் வரை வராதவர்கள் உண்டு. ஆனால் முதல் பாடத்தின் ஆடியோ ஃபைல் எல்லோரிடமும் இருக்கிறது.

சாப்ட்வேரை அடுத்த மாதம் கூட இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். முதல் பாடத்தை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள். பெரியவர்கள் சொல்வதைச் சொன்னபடியே சேவ் செய்யுங்கள்.