காலக்கெடு இல்லாத விசுவாசம்

கேள்வி: வேலை போய்விட்டது, கடன் ஏறுகிறது. புத்தாண்டு ஆராதனையில் எரேமியா 29:11 வாக்குத்தத்தமாகக் கிடைத்தது. ஜெபித்தும் ஒன்றும் மாறவில்லை. இனி எப்படி நம்புவது?

பதில்: அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. திரும்பிவர 70 வருஷம் ஆகும் என்று அந்த வசனம் சொல்கிறது. அனனியா என்பவனோ 2 வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றான். அவன் சொன்னது பொய் என்றே வேதம் தீர்ப்பளிக்கிறது. ஆகவே தாமதம், தேவன் கைவிட்டதற்கு அடையாளமல்ல. நீண்ட காத்திருப்பின் நடுவில்தான் அந்த வாக்கே கொடுக்கப்பட்டது.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் விசுவாசமா என்று கேட்கலாம். இல்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், குடியிருக்கும் ஊரின் நலனுக்காக ஜெபியுங்கள் என்கிறது அதே கடிதம். புலம்புவது அவிசுவாசம் என்பாரும் உண்டு. ஆனால் 20-ஆம் அதிகாரத்தில் எரேமியாவே தேவனிடம் முறையிடுகிறார். தான் பிறந்த நாளையும் சபிக்கிறார். வேதம் அதை மறைக்கவில்லை. அவருடைய ஊழியமும் அதோடு முடியவில்லை. ஆகவே வேலைக்கு விண்ணப்பியுங்கள், கடன் கொடுத்தவரிடம் தவணை கேளுங்கள், மனக்குறையைத் தேவனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். காலக்கெடுவை மட்டும் அவர் கையில் விட்டுவிடுங்கள்.