சித்தியார் வகுப்பில் எழுந்த ஒரு வினா

சைவம் வாதத்திற்கு அஞ்சிய சமயமன்று. அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை நோக்குக. உலகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை ஆராயும் அந்நூல், ஒவ்வொரு மதத்தார் கூற்றையும் முதற்கண் அவர்தாமே உரைப்பதுபோல நிறுத்தி, அதன்பின்னரே மறுப்பினைக் கூறும். ஆறுமுக நாவலரவர்களும் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற்கு உதவியபோது அந்நூலை நன்கு கற்றமையாலன்றோ, 1854ஆம் ஆண்டில் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்தில் பாதிரிமாருக்கு அவர்தம் வேதத்தைக்கொண்டே விடையிறுத்தார்! கிறிஸ்தவ பாடசாலையிற் பயின்ற எமக்கு இதனை எண்ணுந்தோறும் ஒரு மகிழ்ச்சி, அது நிற்க.

இவற்றையெல்லாம் அறிந்த யாம் ஒழுகியவாறு கூறுதும். பதுளையில் அன்பர் சிலர் கூடிச் சித்தியார் படிக்கும் வகுப்பிற்குப் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து இளைஞர் ஒருவர் பஸ் ஏறி வருவார். ஒருநாள் அவர் எழுந்து, “ஐயா, எங்கள் தோட்டத்திலே முனியாண்டிக்குக் கிடாய் வெட்டுகிறோம், மாசியிலே காமன் கூத்து ஆடுகிறோம். எங்களை இந்தப் புத்தகம் எந்தப் பக்கத்தில் வைக்கிறது? நாங்களும் பரபக்கந்தானா?” என்று வினவினார். ஓர் அன்பர் வெகுண்டு, “இது மதம் மாற்றுவோர் சொல்லிக் கொடுத்த கேள்வி” என்றார். மற்றொருவர், நாவலர் உயிர்ப்பலியைக் கண்டித்தமையை எடுத்துரைத்து அவர் வாயை அடைத்தார். கண்டித்தது மெய்யே, இளைஞர் கேட்டதோ அதுவன்று. யாமும் கடிகாரத்தை நோக்கியிருந்தோமேயன்றி வாய் திறந்திலேம். அடுத்த வாரம் அவர் வந்திலர்.

விடை எம் கையிலிருந்த நூலிலேயே இருந்தது. எத்தெய்வத்தை வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயனளிப்போன் சிவபெருமானே என்பது சுபக்கத்தின் துணிபு. கிடாய் வெட்டுதல் தகாதென்று சொல்ல எமக்கு உரிமையுண்டு. ஆயினும், கடல் கடந்து வந்து காடழித்துத் தேயிலை நட்டோர், ஆகமமறிந்த குருக்கள் எட்டிப்பாராத மலைகளிலே, கல்லை நட்டு விளக்கேற்றியன்றோ தம் வழிபாட்டைக் காத்தனர்? அவர்தம் பேரன் எம்மை நாடி வந்தபோது யாம் அவரைப் பகைவராகக் கண்டோம். நூலாசிரியரோ, தம்மினும் மிக இளையரான மெய்கண்டாரிடம் செருக்கோடு சென்று ஆணவம் யாதென வினவி, அவர் தம்மை நோக்கிய நோக்கிலே அதனைத் தம்மிடத்தே கண்டு அடியவரானவர் என்பது மரபு.

சென்ற ஞாயிறன்று யாம் அத்தோட்டத்திற்குச் சென்றோம். இளைஞர் லயத்து வாசலிலே எம்மைக் கண்டு திகைத்து, உள்ளே அழைத்துத் தேநீர் தந்தார். அன்று கேட்ட வினாவை மீண்டும் கேட்குமாறு வேண்டினோம். அவர் பேசுமுன் அவர் தந்தையார் எழுந்து, “அது இருக்கட்டும் ஐயா, முதலில் எங்கள் கோயிலைப் பாருங்கள்” என்று சொல்லி, மலைச்சரிவில் எமக்கு முன்னே நடந்தார்.